மூன்றாம் நடையில் தொலைந்த என் தம்பி

என் தம்பியை நானே கொன்றுவிட்டேன் என்று ஒருநாள் சாயங்காலம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நான் நம்பியிருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன். பங்குச் சாமியார் மூன்று தரம் கேட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன். வெட்கம்தான் காரணம். இந்தச் செபக்கூட்டத்தில் நின்று பேசுகிறவர்கள் தங்களைத் தேடி வந்த கஷ்டத்தைச் சொல்லுவார்கள். என் விஷயத்தில் கஷ்டத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவனே நான்தான்.

என் பெயர் சூசை. சொந்த ஊர் புன்னைக்காயல். தூத்துக்குடி வந்து பதினைந்து வருஷம் சரக்குத் தோணியில் தண்டலாக இருந்தேன். அதற்கப்புறம் ஒரு கம்பெனியில் தோணி மேஸ்திரி ஆனேன். மாப்பிள்ளையூரணிப் பக்கமிருந்து வந்திருக்கிற சகோதரர்களுக்குக் கடல் வேலை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. நம்முடைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. கப்பல் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு கரைக்கு வர வேண்டும். தோணியின் சுக்கானைப் பிடித்து நடத்துகிறவன் தண்டல். எந்தத் தோணி எப்போது போக வேண்டும், யார் யார் அதில் ஏற வேண்டும் என்று சொல்லுகிறவன் மேஸ்திரி. ஆக, அத்தனை பேருடைய உழைப்பும் என் வாய்ச்சொல்லில் இருந்தது.

நான் கோபக்காரன். இப்போதும்தான். என் மனைவியைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்லுவாள்.

முன்னெல்லாம் எங்கள் வேலையைக் காற்றுதான் நடத்தியது. விடியற்காலையில் கரைக்காற்று வீசும். பாயை விரித்தால் தோணி கப்பலுக்குப் போய்விடும். சரக்கு ஏற்றி முடித்த பிறகு திரும்புவதற்குக் கிழக்கேயிருந்து கொண்டல் காற்று வர வேண்டும். அது மதியத்துக்கு மேல்தான் வரும். அதுவரைக்கும் என்ன செய்ய முடியும்? கப்பல் நிழலில் தோணியைக் கட்டிவிட்டுக் கஞ்சியைக் குடிப்போம், படுப்போம், ஒருத்தனை ஒருத்தன் கேலி பண்ணுவோம். காற்றுத் தாமதமானால் எல்லோரும் உட்கார்ந்து செபமாலை சொல்லுவோம். மாதாவே, காற்றைத் தாரும் என்று கேட்போம். ஒரு நாளைக்கு ஒரு நடை. அதற்குமேல் சர்வேசுரனே எங்களை விடமாட்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் கம்பெனிக்கு எண்ணெய் எஞ்சின் வைத்த லாஞ்சு ஒன்று வந்தது. ஒரே கயிற்றில் மூன்று தோணிகளை வரிசையாகக் கட்டி இழுக்கும். காற்று இருந்தாலும் சரி, செத்துக் கிடந்தாலும் சரி, அதற்குக் கவலை இல்லை. லாஞ்சு வேண்டும் என்று மானேஜரிடம் மாசக்கணக்காக நச்சரித்தவன் நான்தான். அது வந்த அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைக் கேட்காதீர்கள். இனிமேல் காற்றுக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அந்த வார்த்தையை அப்புறம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி அழுதேன்.

ஒரு நடை இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. கோழி கூப்பிடக் கிளம்பினால் விளக்கு வைத்து நெடுநேரம் கழித்துத்தான் கரை ஏறுவார்கள். காற்றுக்காகக் காத்துக் கிடந்த நேரம்தான் அந்த உடம்புகளுக்கு இருந்த ஒரே ஓய்வு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. லாஞ்சு அந்த நேரத்தை வழித்து எடுத்துவிட்டது. கப்பலுக்கு அடியில் சொல்லிவந்த செபமாலையும் அதோடு போயிற்று. யாரும் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், அதாவது நாற்பத்தாறாம் வருஷம், ரேஷன் தானியக் கப்பல்கள் வர ஆரம்பித்தன. ஊரில் அரிசிக்கு எவ்வளவு திண்டாட்டம் என்று உங்களுக்கே தெரியும். கப்பல் நின்றுகொண்டிருந்தால் மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்துவார். நான் வந்து தண்டல்களிடம் கத்துவேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் போயிற்று. ஜனங்கள் பட்டினி கிடக்கும்போது பூசையா முக்கியம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். நானும் தூங்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சோறு தொண்டைக்குள் இறங்காது. பிள்ளைகள் சிரித்தால்கூட எரிச்சல் வரும். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருப்பேன். ஆனால் நான் தாங்குகிறேன் அல்லவா, மற்றவன் ஏன் தாங்கக் கூடாது என்ற திமிர் மட்டும் குறையவில்லை.

என் தம்பி லாசர் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அப்பா செத்தபிறகு நான் வளர்த்த பிள்ளை. நான் விட்ட தோணிக்கு அவன்தான் தண்டல். வாய் ஓயாதவன். தோணியில் அவன் இருந்தால் சிரிப்புச் சத்தம் கப்பல் தளம்வரைக்கும் கேட்கும். அந்தத் தை மாதத்திலிருந்து அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கொண்டுபோன கஞ்சியை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான் என்று அவன் பெஞ்சாதி தெரசாள் என் வீட்டில் வந்து சொன்னாள். ஆசையாகக் காலைக் கட்டிக்கொண்ட மகளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். என் மனைவி என்னிடம் சொன்னபோது, வேலை செய்கிறவன் வீட்டில் அப்படித்தான் இருப்பான் என்று சொல்லிவிட்டேன்.

தபசு காலம் இரண்டாவது வாரம். வியாழக்கிழமை. அன்றைக்கு மூன்று கப்பல்கள் நின்றன. விடியற்காலையில் கடற்கரையில் நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லாசர் என் பக்கத்தில் வந்து நின்றான். எல்லோர் முன்னாலும் என்னிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவன்.

“அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் என்னை விட்டுருங்க. கண்ணு தானா மூடுது. கையி என் கையி மாதிரியே இல்ல.”

“எனக்கு மட்டும் என்னலே, கண்ணு தொறந்தா கெடக்கு? தம்பிக்கு மட்டும் லீவு குடுத்தான்னு நாளைக்கு எல்லாவனும் வந்து நிப்பான். பேசாம ஏறுலே.”

அவன் ஏறினான். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நடை முடிந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கு மூன்றாம் நடைக்குத் தோணிகளை லாஞ்சில் கட்டிக்கொண்டிருந்தோம். லாசருடைய தோணி கடைசி. கயிற்றைச் சரிபார்க்கப் போனபோது அவனைப் பார்த்தேன். துண்டைக் கிழித்து, இடது மணிக்கட்டைச் சுக்கான் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

“என்னலே இது?”

“ஒறக்கத்துல கடல்ல விழுந்துரக் கூடாதுல்லாண்ணே. அதான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பக்கத்துத் தோணிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புன்னைக்காயல் தண்டல்களுக்கு ஒரு கௌரவம் உண்டு. சுக்கானில் நிற்கும்போது உட்காரவே மாட்டோம். புயலில்கூட உடம்பைக் கட்டிக்கொள்ள மாட்டோம். அப்படிக் கட்டிக்கொண்டவனைக் கல்யாண வீட்டில்கூடக் கேலி பண்ணுவார்கள். அந்தப் பாழாய்ப்போன கௌரவம் என் கண்ணை மறைத்தது.

“தூ! எங்கப்பன் மவன் ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிக் கெடக்கான்னு ஊரு சிரிக்கவா? அவுருலே அத!”

அவன் அவிழ்க்க முயன்றான். முடிச்சு வரவில்லை. நானே குனிந்து அவிழ்த்து, அந்தத் துணியைக் கடலில் எறிந்தேன். இந்தக் கையால்தான் எறிந்தேன்.

லாஞ்சை ஓட்டுகிற சாரங்கு காசிம், காயல்பட்டினத்துக்காரர். என்னைவிட மூத்தவர், அவர்கள் ஊரில் அண்ணனைச் சொல்லுகிற மாதிரி காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நானும் லாஞ்சில் ஏறிக்கொண்டேன். கிளம்பினோம். கொண்டல் எதிர்முகத்தில் வீசியது. பாதி தூரத்துக்குமேல் போயிருப்போம், தோணிகள் போகிற சேனலில் வழி காட்டக் கிடக்கிற மிதவையைத் தாண்டியிருந்தோம். காசிம் காக்கா திரும்பிப் பார்த்தார்.

“மேஸ்திரி, கடைசித் தோணி ஒரு பக்கமா அலையுதே. சுக்கான்ல ஆளு இருக்காரா?”

நானும் திரும்பினேன். மேற்கே சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை.

“இருக்கான், இருக்கான். தூங்கி வழிவான். கப்பலுக்குப் போயி நாலு குடுக்கேன். நீங்க விடுங்க காக்கா.”

அவர் விட்டார்.

கப்பலை அடைந்தோம். முதல் தோணி ஒழுங்காகக் கப்பலை ஒட்டி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது நேராகப் போய்க் கப்பல் இரும்பில் மடேரென்று மோதியது. மேலே கப்பல்காரர்கள் கத்தினார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தோணிக்குத் தாவினேன்.

சுக்கானில் யாரும் இல்லை. அது தானாக ஆடிக்கொண்டிருந்தது.

தோணிக்குள்ளே ஐந்து பேர் காலிச் சாக்குகளின்மேல் கிடந்தார்கள். அந்த மோதலில்கூட மூன்று பேர் விழிக்கவில்லை. ஐந்து பேரில் மூத்தவர் சவரிமுத்து எழுந்து உட்கார்ந்து பேந்தப் பேந்த விழித்தார்.

“தண்டல் எங்கவே?” என்றேன்.

“பின்னால... பின்னாலதான் நின்னாரு. நீங்க எல்லாரும் செத்த நேரம் படுங்கலே, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாரு.”

தன் ஆட்களைத் தூங்கவிட்டுவிட்டு அவன் மட்டும் நின்றிருக்கிறான். கட்டவும் விடாமல் நான் அவனை நிற்க வைத்திருக்கிறேன். ஒரு தோணியில் ஆறு பேர். ஆறு பேரும் தூங்கியிருக்கிறார்கள். ஒருத்தன் கடலில் விழுந்ததைப் பார்க்க ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

காசிம் காக்காதான் என்னைத் தூக்கி லாஞ்சில் உட்கார வைத்தார். சவரிமுத்தும் கூட ஏறிக்கொண்டார். தோணிகளை அவிழ்த்துவிட்டு லாஞ்சைத் திருப்பினோம். அப்போது மணி நாலைத் தாண்டியிருந்தது. பொழுது சாய இரண்டு மணி நேரம்தான் இருந்தது. இருட்டிவிட்டால் அவன் கிடைக்க மாட்டான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தோணி அலைந்தது மிதவையைத் தாண்டி என்பது காக்காவுக்கு ஞாபகம் இருந்தது. நேராக அங்கே ஓட்டினார். ஒன்றுமில்லை. தண்ணீர், தண்ணீர். நான் லாஞ்சின் முகப்பில் நின்று, வேகமாப் போங்க, இன்னும் வேகமாப் போங்க என்று கத்தினேன். தெற்கே போனோம். திரும்பி வடக்கே போனோம். மறுபடியும் மிதவைக்கு வந்தோம். அலையின் ஒவ்வொரு மடிப்பிலும் எனக்கு அவன் தலை தெரிந்தது. கிட்டப் போனால் ஒன்றுமிருக்காது. ஒரு தேங்காய் மட்டையைப் பார்த்து அவன்தான் என்று குதிக்கப் போய், சவரிமுத்து என் அரைஞாணைப் பிடித்து இழுத்தார்.

தெரசாளிடம் என்ன சொல்லுவேன்? ஏழு மாதம் அவளுக்கு. எங்கம்மாவிடம் என்ன சொல்லுவேன்? தம்பி லீவு கேட்டான், கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டான், அவிழ்த்து எறிந்தேன். தோணி அலைகிறது என்று காக்கா சொன்னார், விடுங்கள் என்றேன். மூன்று தரம் அவனைக் காப்பாற்ற எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. மூன்று தரமும் நான் தள்ளித்தான் விட்டேன். மூன்று கப்பல்களும் கடலோடு போகட்டும், எனக்கு அவன் வேண்டும் என்று அலறினேன். காலையில் அதே கப்பல்கள் எனக்கு அவனைவிடப் பெரிதாக இருந்தனவே!

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. சூரியன் இறங்கிக்கொண்டே போனது. காசிம் காக்கா உதட்டுக்குள் தன்னுடைய துவாவை ஓதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நான் இன்னும் செபிக்கவில்லை என்பதே தோன்றியது. இரண்டு வருஷமாகப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. லாஞ்சின் தளத்தில் முழங்கால் போட்டேன். மாதாவுக்குச் சொல்லுகிற மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினேன். பாதியில் மறந்துவிட்டது. ஆமாம், சகோதரர்களே, சின்னப் பிள்ளைகூடச் சொல்லுகிற செபம் எனக்கு மறந்துபோயிற்று.

அப்புறம் செபமாக ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். “சேசுவே, அவன் கேட்டான், நான் கேக்கல. அவன் வாயத் தொறந்து கேட்டான், நான் காதக் குடுக்கல. இப்ப உம்மகிட்ட கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? எனக்காகத் தர வேண்டாம். அந்தப் பிள்ளைத்தாச்சிக்காகத் தாரும்.” இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நெற்றியைத் தளத்தில் முட்டி முட்டிச் சொன்னேன். பலகைக்குக் கீழே எஞ்சின் டம் டம் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே அடித்தது.

இங்கே நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தரிசனம் எதுவும் கிடைக்கவில்லை. காதில் யாரும் பேசவில்லை. திடீரென்று அந்த எஞ்சின் சத்தத்தை என்னால் ஒரு நொடிகூடப் பொறுக்க முடியாமல் போயிற்று. அவ்வளவுதான். எழுந்து நின்றேன்.

“காக்கா, எஞ்சினை நிறுத்துங்க.”

“என்ன சொல்லுதீங்க மேஸ்திரி? இது அணைஞ்சா மறுபடி பிடிக்க எம்புட்டு நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? வெளிச்சம் போயிரும்.”

“தெரியும். நிறுத்துங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “உங்க தம்பி. உங்க முடிவு” என்று சொல்லி அணைத்தார்.

உங்களுக்கு எப்படிப் புரிய வைப்பேன்? அந்த லாஞ்சு வந்த நாளிலிருந்து ‘நிறுத்து’ என்ற வார்த்தை என் வாயில் வந்ததே கிடையாது. எனக்கு அது தோன்றக்கூடிய யோசனையே கிடையாது. அதனால்தான் அது என்னுடையது இல்லை என்று அடித்துச் சொல்லுகிறேன்.

சத்தம் நின்றது. லாஞ்சு நீரோட்டத்தோடு தானாக நகர ஆரம்பித்தது. தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. காற்றுச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நிமிஷங்கள் போயின. ஒன்றுமில்லை. நான் செய்தது மகா தப்பு, கடைசி வெளிச்சத்தையும் வீணாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். எஞ்சினைப் போடச் சொல்ல வாயைத் திறந்தேன். சவரிமுத்து கையை உயர்த்தினார்.

“சத்தம் போடாதீங்க. கொண்டல்ல ஏதோ வருது.”

எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது. மெலிசாக, ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி. காற்று வருகிற கிழக்குப் பக்கமிருந்து வந்தது.

“ஏ...”

அவ்வளவுதான் அவனிடம் மிச்சமிருந்த குரல். எஞ்சினைப் போட எங்களுக்கு மனம் வரவில்லை. போட்டால் அந்தக் குரலைத் தொலைத்துவிடுவோம் என்று பயம். துடுப்பு இரண்டுதான் இருந்தது. நானும் சவரிமுத்தும் போட்டோம். காக்கா நின்று வழி சொன்னார். குரல் நிற்கும், நாங்களும் நிற்போம். மறுபடி கேட்கும், போடுவோம். சூரியன் கரையைத் தொடுகிற நேரத்தில் அவனைக் கண்டோம். மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன. உதடு வெளுத்திருந்தது.

தூக்கிப் போட்டோம். என் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. கடலைப் பார்த்து வந்த பயம் கிடையாது, அவன் என்னைப் பார்த்துத்தான் பயந்தான். எழுந்திருக்க முயன்றான்.

“அண்ணே... கண்ணசந்துட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. சரக்கு ஏத்தியாச்சா? இன்னா வாரேன்.”

நான் வாய்விட்டு அழுதேன். எங்கப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. காக்காவும் சவரிமுத்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கொஞ்சம் தெளிந்தபிறகு அவன் ஒன்று சொன்னான். லாஞ்சு இரண்டு தரம் அவனுக்கு வெகு பக்கத்தில் போயிற்றாம். எங்கள் முகம்கூடத் தெரிந்ததாம். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினானாம். எஞ்சின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவனைத் தேடுகிற அவசரத்திலேயே நான் அவனைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். கடலில் கேட்ட அந்தக் குரல்தான் விடியற்காலையில் கரையில் என் காதருகே கேட்டதும். அப்போது என் மண்டைக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனோம். தெரசாள் விஷயத்தைக் கேட்டாள். அழவில்லை. அவனைத் துவட்டிப் படுக்க வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். என்றைக்கும் என் எதிரே நிமிர்ந்து பேசாத பெண்.

“அத்தான், இனிமே இவகள வேலைக்குக் கூப்பிட எங்க வாசப்படி மிதிக்காதீங்க.”

“சரி தாயி” என்றேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு நாள் அவன் தூங்கினான், தண்ணீர் குடிக்க மட்டும் எழுந்தான். அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை. லாஞ்சு ஊதுகிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். தண்டலாக இருந்தவன் கடற்கரைத் தெருவில் நடக்கவே மாட்டேன் என்றான். பேய் அடித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள், தாயத்துக் கட்டச் சொன்னார்கள். டாக்டர் ஐயாதான் தெளிவாகச் சொன்னார். உடம்பு மட்டும் களைக்கவில்லை, மனசும் சேர்ந்து களைத்துப்போயிருக்கிறது, அவசரப்படுத்தினால் ஆள் திரும்ப மாட்டான் என்றார். ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் ஆண்டவர் எனக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு மாதமும் தினமும் அவன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று செபமாலை சொல்லிவிட்டு வருவேன். வாசப்படியை மிதிக்கவில்லை. மகன் பிறந்து ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குத் தெரசாளே வந்து, உள்ளே வாங்க அத்தான் என்று கூப்பிட்டாள்.

அவனைக் கண்டெடுத்த மறுநாளே மானேஜரிடம் போனேன். இனி எந்த ஆளும் இரண்டு நடைக்குமேல் போகமாட்டான், ஒவ்வொரு தோணிக்கும் இரண்டு செட் ஆட்கள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லாஞ்சு ஓடாது என்றேன்.

“கப்பல் காத்துக்கிட்டிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது, சூசை?” என்று கேட்டார்.

“யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்கய்யா. மூணாம் நடைக்கு ஆள் கூப்பிட இனி எனக்கு வாய் வராது. வேற மேஸ்திரி பாத்துக்கிடுங்க.”

வேறு ஆளைப் போட்டும் பார்த்தார். பத்து நாளில் ஒரு தோணி மணல்திட்டில் ஏறியது, இன்னொரு தோணியில் மூட்டை சரிந்து ஒருத்தனுக்குக் கால் முறிந்தது. என்னைத் திரும்பக் கூப்பிட்டு, உன் இஷ்டப்படி ஷிப்ட் போட்டுப் பார் என்றார். போட்டேன். தூங்கி எழுந்த ஆட்கள் இரண்டு நடையில் செய்கிற வேலை, தூங்காமல் சோர்ந்துபோன ஆட்கள் மூன்று நடையில் செய்ததற்குக் குறைவில்லை என்பதை அவரே கண்ணால் பார்த்தார். எனக்கு நல்ல பெயர் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். மேஸ்திரிக்குப் பயம் பிடித்துவிட்டது என்று மற்றக் கம்பெனிக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இப்போது காலையில் பெயர் கூப்பிடுவதற்குமுன் ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்க்கிறேன். வாயாடி சும்மா இருக்கிறானா, கஞ்சிக்கலயம் நிறைந்தபடி திரும்பி வருகிறதா, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறானா என்று கவனிக்கிறேன். முடியவில்லை என்று ஒருத்தன் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்து எனக்கே சொல்லும் வேலையைச் சவரிமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன். மேஸ்திரி, நீரு இன்னைக்கு வீட்டுக்குப் போவும் என்று அவர் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது போய்விடுகிறேன்.

லாசர் மறுபடி தண்டலாகிவிட்டான். அவன் சிரிப்புச் சத்தம் கப்பல் தளத்துக்குக் கேட்கிறது. சேசுவுக்குத் தோத்திரம், மாதாவுக்கு நன்றி. தகுதியில்லாத எனக்கு அவர்கள் செய்த உபகாரத்தை நான் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எந்த இக்கட்டிலும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். நாம் எவ்வளவு கெட்டவர்களாக இருந்தாலும் அவர் காதை மூடிக்கொள்வதில்லை. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் உப்பளத்துக் கங்காணி இருக்கிறீர்கள், மில் மேஸ்திரி இருக்கிறீர்கள், கடைக்கு முதலாளி இருக்கிறீர்கள். முடியவில்லை என்று சொன்ன ஒருத்தனை இந்த நேரத்திலும் வேலையில் நிறுத்திவிட்டு யாராவது வந்திருந்தால், இப்போதே எழுந்து போங்கள். போய் அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். கடைசி செபத்துக்கு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், உங்களுக்கும் சேர்த்து நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். நடுவில் எழுந்து போகிறார்களே என்று நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆண்டவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். போங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது.